மூன்று செல்லத்தாய்களும் ராஜாமணி மேடமும்

வியாழக்கிழமை காலை மாரியம்மாள் போன் செய்தாள். "அண்ணாச்சி, மேடம் போயிட்டாவ" என்றாள். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு மேடம் என்றால் ஒருவர்தான்.

மணியாச்சி ராஜாமணி அம்மையார், கோவில்பட்டியில் தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் வேலைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மூச்சிரைப்பு வந்து, கடைசி மூன்று மாதம் ரொம்பவும் சிரமப்பட்டார். படுக்கையில் கிடந்து பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடுமோ என்பதே அவருடைய பயமாக இருந்தது. நல்லவேளை, அப்படி ஆகவில்லை. விடிந்ததும் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துச் சாய்ந்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் பெருமூச்சுதான் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் திருட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில், எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், கணக்கப்பிள்ளையாக இருந்தவன். முதலாளி எனக்குத் தூரத்துப் பெரியப்பா. தொண்ணூறுகளில் கையால் செய்கிற சின்னப் பட்டறைக்கு வரி குறைவு. இருபது பேருக்குக் குறைவாக வேலை பார்த்தால் காப்பீட்டுச் சட்டமும் எட்டிப் பார்க்காது. அப்புறம் எந்த முதலாளி பெரிய ஆபீஸ் நடத்துவார்? ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு ஷெட் போட்டோம். ஒன்று பெரியப்பா பேரில், ஒன்று பெரியம்மா பேரில், ஒன்று மச்சினர் பேரில். நான்காவது யார் பேரில் என்பது கணக்கெழுதிய எனக்கே அடிக்கடி மறந்துபோகும். சின்னத் தொழில் பிழைக்கட்டும் என்று நினைத்துத்தான் அந்தச் சட்டங்களை எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவை கற்றுக்கொடுத்தது குறுக்குச் சுவர் எழுப்பத்தான்.

முதல் ஷெட் மட்டும் பழையது, முன்பே காப்பீட்டுக்குள் வந்துவிட்டது. அதில் ஒரு புதுப் பெயர் சேர்த்தாலும் இன்ஸ்பெக்டர் வருவார், வந்தால் மற்ற ஷெட்டுகளையும் சேர்த்து எண்ணுவார் என்று பெரியப்பாவுக்குப் பயம். அதனால் ஒரு பெண் கல்யாணமாகிப் போனால் அவள் பெயரை நாங்கள் எடுப்பதில்லை. அடுத்து வருகிறவள் அந்தப் பெயரையும் அந்தக் காப்பீட்டு அட்டையையும் வாங்கிக்கொள்வாள். ஆள் மாறும், பேர் மாறாது. கோவில்பட்டியில் நாங்கள் மட்டும்தான் இப்படிச் செய்தோம் என்று நான் நம்பவில்லை.

மேடம் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது, எங்கள் பெண்களுக்கு ஏன் காது கேட்பதில்லை என்று. மருந்தகத்தில் பெயரைக் கூப்பிட்டால் ஒருத்தியும் திரும்புவதில்லையாம். "மிஷின் சத்தத்துல இருந்து பழகிட்டாவ மேடம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கைவேலைன்னு சொல்லித்தானய்யா வரி குறைச்சிருக்கீங்க. அங்கன ஏது மிஷின்?" என்றார்.

நான் அசடு வழிந்துகொண்டு வந்துவிட்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஜன்னலுக்குள் செல்லத்தாய் என்ற பெயருள்ள நோய்க் குறிப்பு விரித்து வைத்திருந்தது. வெளியே பெஞ்சில் மாரியம்மாள், ஏழு மாத வயிற்றோடு, நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் மூன்றாவது செல்லத்தாய். முதலாமவள் புதூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனவள். இரண்டாமவள் மூன்று பிள்ளை பெற்று, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டு, திருப்பூருக்குப் பிழைக்கப் போனவள்.

"செல்லத்தாய்க்கு ஆபரேஷன் ஆகி நாலு வருசம் ஆச்சுன்னு இதுல எழுதியிருக்கு. இப்ப ஏழு மாசம். இது என்ன கதை?" என்று கேட்டார்.

ஆபரேஷன் சரியாக அமைந்திருக்காது என்று இழுத்தேன்.

"வயசு ஆறு குறைஞ்சிருக்கே, ரத்த வகை மாறியிருக்கே, அதெல்லாமும் ஆபரேஷனாலயா?"

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். மாரியம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. பிரசவம் வரை திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தே இருந்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவன் முறுக்குச் சுடும் வேலைக்கு வடக்கே போனவன், கடிதம் வந்தே ரொம்ப நாளாகிறது. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. பேறுகாலச் சம்பளம் வந்தால்தான் அவளால் வேலையை விட்டுப் படுக்க முடியும். ஆனால் பிள்ளை பெற முடியாத செல்லத்தாய்க்குப் பேறுகாலச் சம்பளம் எப்படி வரும்?

நான் உண்மையைக் கொட்டிவிட்டேன். போலீசுக்குச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"கண்ணை மூடிக்கிட்டு செல்லத்தாய்னே எழுதி அனுப்ப எனக்கும் தெரியும். மேலாபீஸ்ல பழைய ஆபரேஷனைப் பாத்துட்டுத் திருப்பி அனுப்புவாவ. அதுக்குள்ள இவ மறுபடி தீக்குச்சி அடுக்கப் போயிருவா. அதைத் தாங்க இவ நெஞ்சுல பலம் கிடையாது. வேலை பாத்தவதான் தொழிலாளி. பேரை மாத்தி எழுதுனது உங்க தப்பு, அவ தப்பு இல்ல. சட்டத்துல அவளுக்கு இடம் இருக்கு. நீங்க மறிச்சுக்கிட்டு நிக்கீங்க, விலகுங்க."

இத்தனை வருடமாக இந்தப் பெயரில் வேலை பார்த்தது மாரியம்மாள்தான் என்று நான் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். என் வேலை போய்விடும் என்றேன். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"போனாலும் போகும். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

வேறு யாராவது பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் அப்படிச் சொல்லாததால் எழுதினேன். கதவிடுக்கு வழியாக மாரியம்மாளின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதமாகப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு எழுதி முடிப்பதற்குள் மணியாச்சிக்குப் போகிற சாயங்கால பாசஞ்சர் போய்விட்டது. அந்த ரயிலை அவர் தவறவிட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நேராகப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஏலே, என்னையக் கேட்டியா?" என்றார். கேட்டால் விட்டிருக்க மாட்டீர்கள் என்றேன். இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை, ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். நான்கு ஷெட்டையும் ஒன்றாக எண்ணினார். அபராதமும் விழுந்தது. அன்று எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று அவரவர் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் இன்ஸ்பெக்டர் ஜீப் சத்தம் கேட்டால் மற்ற ஷெட்டுப் பெண்கள் பின்சுவர் ஏறிக் குதித்து, பக்கத்து அம்மன் கோயிலில் சாமி கும்பிடுகிறவர்கள் மாதிரி உட்கார வேண்டும். அதற்குப் பிறகு ஒருநாள் ஜீப் வந்தது. பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. "இப்பதாம்ல நிம்மதியா வெத்தலை போடுதேன்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொய்ப் பெயர்களை மனதில் சுமந்துகொண்டு திரிந்ததில் எத்தனை களைப்பு என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

மாரியம்மாளுக்குச் சொந்தப் பெயரிலேயே பேறுகாலச் சம்பளம் வந்தது; திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எடை குறைவாக இருந்தாலும் குழந்தை அழுத சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது என்று மேடம்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

அவருக்கு மட்டும் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருடம் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். என்ன பதில் எழுதினீர்கள் என்று கேட்டேன். "கவனிச்சேன்னுதான் எழுதுனேன். கேட்டா இவளுகளுக்கு இருக்கிற அட்டையும் போயிருமோன்னு ஒரு வருசம் சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. ஒங்க தப்பை மட்டும் எழுத வச்சுட்டு, என் தப்பை மறைக்கவா?" என்றார். அதனால் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

வியாழக்கிழமை மதியம் பாசஞ்சரில் மணியாச்சி போய் இறங்கினோம். எங்கள் ஆபீஸ் பெண்கள் இருந்த பெட்டியில் நிற்க இடமில்லை. புதூரிலிருந்து நிஜச் செல்லத்தாயும் வந்திருந்தாள். கூடத்தில் மேடத்தைக் கிடத்தியிருந்தார்கள். மூச்சிரைப்பு நின்ற முகம் தெளிவாக இருந்தது.

மாரியம்மாள் முதலில் குனிந்தாள். "மேடம், மாரியம்மா வந்திருக்கேன்" என்றாள். அடுத்தவள் அவள் பெயரைச் சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். யாரும் சொல்லி வைத்துச் செய்ததல்ல. அந்த ஜன்னலில் நின்று பழகிய பழக்கம். "செல்லத்தாய் வந்திருக்கேன்" என்று நிஜச் செல்லத்தாய் சொன்னபோது, அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக நான் குனிந்தேன். "கணக்கப்பிள்ளை வந்திருக்கேன் மேடம். வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க பேரத்தான் சொன்னாங்க. சரி பாத்துட்டேன். நீங்க ஜன்னலைச் சாத்தலாம்" என்றேன்.