பூஜையில் வைத்த குடுவை

போன வாரம் ஒரு கல்லூரியின் ஆயுத பூஜைக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற வழியில் இருக்கிறது. பேர் வேண்டாம். போகாமலேயே இருந்திருக்கலாம்!

கெமிஸ்ட்ரி லேப்பில்தான் பூஜை. தராசு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் – எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம்... கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் கல்கண்டு மாதிரி ஏதோ மின்னியது.

அப்போதுதான் ஒரு பெண் ஓடி வந்தாள். மலர்விழி. கறம்பக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்தக் கல்லூரியில் நாலு வருஷமாக பிஎச்.டி. செய்கிறாள்.

"யாரு இதை இங்கிட்டு கொண்டாந்து வச்சது? ட்யூபை யாரு கழட்டுனது?"

"நான்தாம்மா" என்றார் அட்டெண்டர் முத்தையா. "ஒன் கண்டுபிடிப்பும் சாமிகிட்ட இருக்கட்டும்னுதான். இன்னைக்கு எதுவும் ஓடக்கூடாதுல்ல... கேஸ் சிலிண்டரையும் மூடிட்டேன்."

நல்ல மனசோடு செய்திருக்கிறார். அதுதான் கொடுமை.

என்னம்மா அது என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"கார்பன் மூணு கையால இன்னொரு அணுவைப் பிடிச்சுக்கும் சார், அது சாதாரணம். அதே குடும்பத்துல ஜெர்மானியம்னு ஒண்ணு, கனமானது. அதுக்கு மூணு கையால பிடிக்கச் சுலபத்துல வராது. மாலிப்டினம்ங்கிற உலோகத்தோட பிடிக்க வச்சிருக்கேன். வெளிநாட்டுல செஞ்சிருக்காங்க, ஆனா இது புது வகை. காத்துப் பட்டாப் போச்சு சார்! அதான் நைட்ரஜன் விட்டுக்கிட்டே இருந்தேன். இந்த ரப்பர் மூடி ரொம்ப நேரம் தாங்காது. நாளன்னைக்கு சென்னையில எக்ஸ்ரே எடுக்கணும். அதுல தெரிஞ்சாத்தான் மூணு பிணைப்புன்னு நம்புவாங்க."

சொல்லிவிட்டுக் குடுவையை எடுக்கக் கை நீட்டினாள்.

"ஏம்மா, நில்லு!" – தாளாளர். "பூஜையில வச்சதை நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும். படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

துறைத் தலைவருக்கு எல்லாம் தெரியும். மனிதர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என்னைப் பார்த்தாள். சிறப்பு விருந்தினர் ஒரு வார்த்தை சொன்னால் தாளாளர் தட்டமாட்டார். அது அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாமி காரியம்... ஒரு நாள்தானேம்மா!" சிரிப்பு வேறு.

மறுநாள் முத்தையா போன் செய்தார். "எல்லாம் சேறாட்டம் கருத்துப்போச்சுங்கய்யா. பாவி, நான்தான் கெடுத்துட்டேன்."

தாளாளர் என்ன சொன்னாராம்? "ஒரு நாள் காத்துல இருக்க முடியாத சாமான் எதுக்கு ஒதவும்?"

எதுக்கு உதவும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அதற்காக ஒருத்தி நாலு வருஷம் காத்திருந்தாள் என்பது தெரியும். திரும்பச் செய்ய வேண்டுமென்றால் ஜெர்மானியம் உப்பு வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். அவளுடைய ஃபெல்லோஷிப் இந்த மாதத்தோடு முடிகிறது.

கல்விக் கடவுளுக்குப் பொரி கடலை வைக்கிறோம். படித்தவள் எதிரே நின்று கத்தினால் காதில் வாங்குவதில்லை. மூடநம்பிக்கை என்று முத்தையா மேல் பழியைப் போட்டுவிடலாம், சுலபம். அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோமே... எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். தாளாளரிடம் பேசி ஆறு மாசம் நீட்டிப்பு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போறேன், பஸ்ல இருக்கேன்." பஸ் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "அன்னைக்கு, 'எடுக்க விடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க."

சொல்லவில்லை. போர்த்திய பொன்னாடையோடு போட்டோவுக்கு நின்றேன்.