கீழே ஓடிய பட்டியல்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு மருதமுனையில் ஒரு பாடசாலை வகுப்பறையைப் பதிவு நிலையமாக்கியிருந்தார்கள். முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் உயிரோடு இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு நான்தான் மென்பொருள் எழுதினேன். உள்ளே இரண்டு பேர் பெயர்களைத் தட்டுவார்கள். வாசலில் சனங்கள் பார்ப்பதற்கென்று ஒரு கணினி வைத்திருந்தோம்.

முதலில், புதிய பெயர் பட்டியலின் அடியில் போய்ச் சேரும், திரை மேலேயே நிற்கும். பதிந்துவிட்டு வெளியே வந்தவர்கள் தங்கள் பெயரைக் காணாமல் திரும்பி வந்து சண்டை பிடித்தார்கள். எனக்கும் மூக்கு நுனியில் கோபம். ஒரு பெயர் சேர்ந்தவுடன் திரை தானாகவே அடிக்கு ஓடும்படி இரண்டு வரி எழுதிப் போட்டேன். சண்டை நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் அக்கா வயதுள்ள ஒரு ராத்தா வந்துகொண்டிருந்தார். கணவரைத் தேடினார். அவர் மவுத்தாகிவிட்டார் என்று குடும்பத்தார் முடிவு செய்து, விதவைகள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை இருக்கச் சொன்னார்கள். பட்டியல் முழுவதையும் தன் கண்ணால் பார்க்காமல் இத்தா இருக்கமாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். பெயரைத் தட்டித் தேடும் வசதியும் இருந்தது. அவசரத்தில் ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால் அவர் அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

அம்புக்குறி விசையை அழுத்தி ஒவ்வொரு பெயராக இறங்கச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாளாகியும் அவர் முடிக்கவில்லை. மெதுவாக வாசிப்பவராக்கும் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவருக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. அவர் நடுவில் வாசித்துக்கொண்டிருக்க, உள்ளே யாரோ ஒரு பெயரைச் சேர்த்தார்கள். திரை விழுந்தடித்து அடிக்கு ஓடியது. அவர் விசையை அழுத்தி மேலே போய், முதல் பெயரிலிருந்து தொடங்கினார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது அதுட வேலையப் பாக்குது தம்பி. விட்ட இடம் எனக்குத் தெரியாது, அதால திரும்ப மேல இருந்து பாக்கன்," என்றார்.

வெட்கமாக இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கடைசி வரியில் நிற்பவருக்கு மட்டும் திரை ஓடவேண்டும், மேலே வாசிப்பவரைத் தொடவே கூடாது. இவ்வளவுதான் விஷயம். அரை மணித்தியாலத்தில் திருத்திக் கொடுத்தேன்.

அன்று பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்குக்குச் சற்று முன் அவர் பட்டியலின் அடிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. உள்ளே ஒரு பெயர் தட்டினார்கள். திரை ஒரு வரி நகர்ந்தது. வாசித்தார். இன்னொன்று வந்தது. அதையும் வாசித்தார். ஏழெட்டுப் பெயர்கள் அப்படி வந்தன. பிறகு உள்ளே இருந்தவர்கள் தொழுகைக்கு எழும்பிப் போனார்கள். அவர் அசையாத திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பாத்திட்டன் தம்பி. அவர் இதில இல்ல. நான் இத்தாவுக்குப் போறன்."

எனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்துவிட்டுப் போனார். அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. என் பிழை இருந்த மூன்று நாளும் அவருக்கு வாசிக்காத பெயர்கள் மிச்சமிருந்தன. அதைத் திருத்தி, கடைசிப் பெயர்வரை அவரைக் கொண்டுபோய் விட்டவன் நான்.