இழைக் கோட்பாடு கேட்க வந்தவர்கள்

சுகாசினி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேரின் ஆதார் அட்டை அவள் கை பட்டுத்தான் நகலாகியிருக்கும். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அது அவள் பாடு. ஆனால் எங்கள் தெருவில் அவரவர் பாட்டை அவரவரிடம் விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. கோயிலுக்குப் போனால் கேட்பார்கள், காய் வாங்கப் போனால் கேட்பார்கள், துக்க வீட்டில்கூட மூக்கைச் சிந்திவிட்டு, "ஏம்மா இப்பிடியே இருந்துட்ட?" என்பார்கள்.

அவளை யாரும் எதுவும் கேட்காத இடம் நெசவாளர் சங்கத்து மாடி ஹால் மட்டும்தான். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சென்னையிலிருந்து பல்கலைக்கழக ஆசிரியர் யாராவது வந்து அங்கே இலவசமாகப் பேசுவார். நட்சத்திரம், எறும்பு, கல்வெட்டு என்று எது வேண்டுமானாலும் தலைப்பாக இருக்கும். நோட்டீஸ் அடிப்பது, நாற்காலி போடுவது, டீ சொல்வது எல்லாம் சுகாசினிதான்.

"நமக்கு ஒரு உபயோகமும் இல்லாத விஷயத்தக் கேட்டுட்டு வந்தா, ஒரு வாரத்துக்கு மனசு லேசா இருக்குதுபா" என்பாள். ஊரில் இதற்குப் பைத்தியம் என்று பெயர்.

ஆள்தான் வருவதில்லை. வருகிற சிலரும் டீக்காக வருகிறவர்கள். சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"காலி நாற்காலிக்கு ஃபேன் சுத்திக்கினு இருக்குதுமா. அடுத்த கூட்டத்துக்கு ஹால் நிறையணும். இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்."

அவர் போன பிறகு சுகாசினி ஒரே பக்கத்தை நாலு தடவை ஜெராக்ஸ் எடுத்தாள். அந்த ஹாலும் போய்விட்டால் கடையும் வீடும்தான் மிச்சம்.

அந்த மாதம் வருவதாக இருந்தவர் பிரவீனா என்ற இளம் இயற்பியல் ஆசிரியை. அணுவுக்கும் உள்ளே போய்ப் பார்த்தால் உலகமே அதிரும் நுண்ணிய இழைகளால் ஆனது என்கிற கணக்கில் அவர் ஆராய்ச்சி செய்கிறார். தலைப்பை அவரே அனுப்பியிருந்தார்: 'இழைக் கோட்பாடு'. தறி ஓடுகிற தெருவில் இப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டினால் சும்மா இருப்பார்களா? அன்று மாலையே கடை வாசலில் ஆட்கள்.

"பட்டு இழையா, ஜரிகை இழையாமா?"

"வந்து கேளுங்கணா" என்றாள் சுகாசினி. அவள் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது. இவளைப் பிடிக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஹால் நிறைந்து, மாடிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். மாணிக்கவாசகம் முன்வரிசையில். பிரவீனாவுக்கு ஒரே பூரிப்பு. "எல்லாமே இழைதான்" என்று தொடங்கினார். கூட்டம் தலையாட்டியது. அதிர்வு என்றார், இழுவிசை என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். இப்படியே முடிந்திருந்தால் சுகாசினி ஜெயித்திருப்பாள்.

நடுவில் வடிவாம்பாள் எழுந்தாள். எங்கள் தெருவில் தறி போடுகிறவள்.

"அம்மா, எனக்கு இப்ப வர்ற பாவு நூலுல இழை அறுந்துக்கினே இருக்குது. நீங்க சொல்ற இழை அறுவாதா? எங்க கிடைக்கும்? தறிய நிறுத்திட்டு வந்திருக்கேன்மா."

பிரவீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சமாளிக்கச் சிரித்தார். சுகாசினி எழுந்து நின்றாள்.

"அக்கா, இது நம்ம இழை இல்ல. கண்ணுக்கே தெரியாத இழை. இதுவரைக்கும் யாரும் பார்த்தது கிடையாது. எனக்குத் தெரியும். ஹால் நிறையணும்னு சொல்லாம இருந்துட்டேன்."

"படிச்சவங்க ஏமாத்தினா போய்த் தொலையுதுன்னு விடலாம். நீ நம்ம தெருக்காரிடி!" என்று வடிவாம்பாள் படியிறங்கினாள். பின்னாலேயே முக்கால்வாசி ஹால் இறங்கியது. பிரவீனா மிச்சமிருந்தவர்களுக்கு மிச்சத்தைப் பேசி முடித்தார். சுகாசினி கடைசி வரிசையில் உட்கார்ந்து, மறைக்காமல் அழுதாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது மாணிக்கவாசகம் பக்கத்தில் வந்தார்.

"ஹால் நிறையணும்னேன், நிறைஞ்சுது. கடைசி வரைக்கும் உக்காரணும்னு நான் சொல்லல."

சுகாசினி நிமிர்ந்தாள்.

"ஆனா அடுத்த நோட்டீஸ மொதல்ல வடிவாம்பா வீட்டுல நீயே கொண்டுபோய்க் குடுக்கணும். அது ஆவலன்னா ஹாலும் ஆவாது."

அடுத்த மாதத் தலைப்பு 'திமிங்கிலங்களின் பேச்சு'. சுகாசினி நோட்டீஸோடு போய் நின்றபோது வடிவாம்பாள் தறியை நிறுத்தவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. ஓரக்கண்ணால் படித்தாள்.

"இதாவது நெஜமா மீனப் பத்திதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சுகாசினி இல்லையென்று தலையாட்டினாள்.

"திமிங்கிலம் மீனே இல்லக்கா."

தறி நின்றது.

"பின்ன இன்னாடி அது?"