முகமில்லாத பதினான்கு பேர்

என் மனைவியின் முகத்தை மறைத்துவிட்டாலும் ஹைதராபாத் முழுக்க அவளை அடையாளம் கண்டுகொள்ளும் என்று நான் உறுதியாக நம்பினேன். மல்காஜ்கிரியில் பால் பாக்கெட் போடுகிறவர், ரயிலில் எதிரே உட்காருகிறவர், எங்கள் பாதுகாப்புத் துறை அலுவலகத்தின் வாசல் காவலர், எல்லோரும் ஒரே குரலில் "அட, நம்ம சார் வீட்டம்மா!" என்று கூவப் போகிறார்கள். ஐம்பது தாண்டினால் மனிதனுக்குப் புத்தி வரும் என்று சொன்னவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். கெட்டி அட்டை, கறுப்பு வெள்ளைப் படங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பதினான்கு பெண்கள். ஒருத்திக்கும் முகம் இல்லை, பெயர் இல்லை, துணியும் இல்லை. எடுத்தவர் தார்நாகாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெண். ஐந்து சனிக்கிழமைகளாக இவள் அங்கேதான் போய்வந்திருக்கிறாள். யோகா வகுப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை; நான் கேட்கவும் இல்லை.

"இதுல நானும் இருக்கேங்க."

"எதுக்கு?"

"கர்ப்பப்பைய எடுத்த பிறகு கண்ணாடியில கழுத்துக்குக் கீழ நான் பாத்துக்கிட்டதே இல்ல. ரெண்டு வருஷமாச்சு. யாரோட உடம்பையோ சுமந்துக்கிட்டுத் திரியற மாதிரி இருந்துச்சு. இந்தப் படத்துலதான் மறுபடி பாத்தேன். அட, நான்தானேன்னு தோணுச்சு." புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களும் பாருங்க. நான் எதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"யாராவது பாத்துட்டா?"

"கொஞ்சம் பிரதிதான் அச்சடிச்சிருக்காங்க, கடைக்கெல்லாம் போகாது. டிராமா நக்கோ," என்று, வேண்டாம் என்பதை ஊர் உருதுவில் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி, வருமான வரிக் காகிதங்களுக்கு அடியில் செருகினேன். அந்த வாரம் முழுக்க, ரயிலில் எவன் கைபேசியைப் பார்த்துச் சிரித்தாலும் எட்டிப் பார்த்தேன். ஒருவர் பரிதாபப்பட்டு, தான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டி வீடியோவை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள், "பாத்தீங்களா?" என்பாள். "ஆபீஸ்ல ஆடிட்" என்பேன்.

வியாழக்கிழமை, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தமிழரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன் சார். அவர் வீட்டம்மா படம் ஒரு புத்தகத்துல வந்திருக்கு. கொஞ்சம் கலைநயமா."

"எவ்வளவு கலைநயம்?"

"முழுக்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீசுக்கு ஒரு இன்டிமேஷன் போட்டு வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு எவனாவது மொட்டைக் கடுதாசி எழுதினா, முன்னாடியே தெரிவிச்சாச்சுன்னு ஃபைல்ல இருக்கும்ல? பிளாட் வாங்கினா சொல்றோம், கார் வாங்கினா சொல்றோம். அது மாதிரிதான்."

எங்கள் சர்க்கார் ஜாதிக்கு அதுதான் வேதம். எதுவானாலும் மேலிடத்துக்கு ஒரு தாள் போய்விட்டால் அப்புறம் அது நம் பாவமில்லை. சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பொருள்: மனைவியின் உடல் புத்தகத்தில் வெளியானதைத் தெரிவித்தல். இரண்டாம் பத்தியில் பக்க எண் தேவைப்பட்டது. பக்க எண் இல்லாத கடிதம் எங்கள் அலுவலகத்தில் திரும்பி வந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை முதல்முறை திறந்தேன்.

முதுகுகள், மடிந்த வயிறுகள், நரம்பு தெரியும் கால்கள். பில் சரிபார்க்கிறவன்போல விரலை ஓட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பெண்ணின் அடிவயிற்றில் குறுக்காக நீளத் தழும்பு. ஆபரேஷன்! பக்கம் 31 என்று எழுதினேன். அவள் கேட்டதைச் செய்துவிட்ட சந்தோஷம்கூட வந்தது.

டீ கொண்டுவந்தவள் நின்றபடியே கடிதத்தை முழுசாகப் படித்தாள். கத்துவாள் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவள் விரல் அந்த எண்ணில் நின்றது.

"முப்பத்தொண்ணா?"

"தழும்ப வெச்சுப் பிடிச்சுட்டேன்ல!"

"எனக்கு ஏதுங்க தழும்பு? மூணு சின்னத் துளை போட்டு எடுத்தாங்க, அதுவும் மறைஞ்சு போச்சு. டாக்டர் படம் வரைஞ்சு காட்டினப்ப நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. கையெழுத்துப் போட்டதும் நீங்கதான்."

அவசரமாகப் புரட்டினேன். "அப்ப இதுவா? இந்த முதுகா?"

"ஏலமா விடறீங்க?" என்று கேட்டு, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. புத்தகம் அவள் அலமாரியில் இருக்கிறது. ஆறு மாதமாகிறது. எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.