ராயபுரம் மண்டபத்துக்கு விளக்கு தேடிய நாள்

காலை ஏழேகாலுக்குக் கோவை ரயில் என்னைச் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. என் அக்கா மகனுக்குக் கல்யாணம், பெண் ராயபுரம். வரவேற்பைப் பழைய காலத்துப் பாணியில், 'விண்டேஜ்' என்கிறார்களே, அப்படி நடத்த மணமக்களுக்கு ஆசை. தன் தெருமுனை மாதாகோவில் மண்டபத்தில்தான் நடத்தவேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அக்காவோ கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டை விட்டு இறங்கவில்லை. "அங்க வெளக்கே அம்சமா இருக்கும். ராயபுரத்துல என்ன கெடைக்கும்? நீயே போய்ப் பாரு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அமையலீன்னா ரிசார்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டிருவேன்" என்று சொல்லி என்னை அனுப்பியிருந்தாள். உள்ளதைச் சொன்னால் நானும் ரிசார்ட் கட்சிதான்.

ராயபுரத்துக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வழி நெடுக கன்டெய்னர் லாரிகள். "இன்னாம்மா, ஊருக்குப் புச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார். கல்யாண விஷயம் என்றதும், "எங்க ஏரியா பொண்ணு கெட்டி. நீங்க தைரியமா இருங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இவரிடம் யார் கேட்டார்கள் என்று இருந்தது எனக்கு.

மணப்பெண் ஜெனி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா மரியதாஸ் துறைமுகத்தில் டக் ஓட்டுகிறவர். பெரிய கப்பல்களை இழுத்துவந்து கரை சேர்க்கும் படகு அது. அதிகம் பேசாத மனிதர். ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். உயரமான கூரை, தேக்கு ஜன்னல்கள், எல்லாம் சரி. விளக்கு மட்டும் அழுது வடியும் ட்யூப்லைட்.

பத்தரை மணிக்குத் திருவொற்றியூரில் அலங்கார விளக்குகள் வாடகைக்குத் தரும் ஒரு கடைக்குப் போனோம். வெள்ளைக்காரன் காலத்து லாந்தர் என்று எடுத்துக் காட்டினார்கள். ஒன்றுக்கு நாள் வாடகை தொண்ணூறு ரூபாய். தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஜெனியின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அத்தை, இன்னும் ஒரு எடம் கீது, வாங்க" என்றாள்.

ஒரு மணிக்குக் கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிடங்கில் இருந்தோம். உடைத்த கப்பல்களின் சாமான்களை வாங்கி விற்கும் திருநெல்வேலிக்காரர் நடத்துவது. உள்ளே கம்பிக் கூண்டு போட்ட பித்தளை விளக்குகள், கனத்த கண்ணாடிகள். அவற்றோடு ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும் ஜோடியாக. தூக்கிப் பார்த்தேன், கை இறங்கியது.

"தொடைச்சா மொகம் பாக்கலாம், பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

"எல்லாத்துக்கும் பல்பு மாத்தி எரிய வுட்டுக் குடுக்கணும் அண்ணாச்சி. அன்னிக்கு எரியலன்னா பேஜாராயிடும்" என்றாள் ஜெனி. பன்னிரண்டு விளக்குகள், இரண்டு நாள் வாடகை ஆறாயிரம். ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார். எனக்கும் பேரம் பேச மனம் வரவில்லை.

நாலரை மணிக்கு மண்டபத்தில் ஒத்திகையாக மாட்டினோம். மேடையின் இரு பக்கமும் அந்த ஜோடி என்பது என் யோசனை. சிவப்பு அபாயத்தின் நிறமாயிற்றே, பெண் நிற்கிற பக்கம் எதற்கு? பச்சையை அவள் பக்கமும் சிவப்பை மாப்பிள்ளை பக்கமும் மாட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஜெனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டினார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்த மரியதாஸ் வாசலில் நின்று மேடையைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஏங்கண்ணு, அப்பாவுக்குப் புடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

ஜெனி தயங்கித்தான் சொன்னாள். "கப்பலுக்கு எடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் பச்சை, அத்தை. எதிர்ல நின்னு பாத்தா செவப்பு நம்ம வலது கை பக்கம் தெரியணும். இப்ப பின்னாடி இருந்து பாக்குற மாரி கீது. கப்பல் நம்மள வுட்டுட்டுப் போவுதுன்னு அர்த்தம். வர்றவங்க பாதிப்பேர் கடல்காரங்க. நைனாவுக்குப் பாத்தவொடனே தெரிஞ்சிருக்கும்."

"அத முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஆசையா மாட்னீங்க."

அடுத்த மாதம் இந்தப் பெண்ணைக் கோவைக்கு அழைத்துப் போகப்போகிறவர்கள் நாங்கள். அதை அவள் அப்பா கண்ணெதிரே விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஏணியைப் போடச் சொன்னேன். சிவப்பு ஜெனியின் பக்கம் போயிற்று. நானே வெளியே போய் அவரைக் கூட்டிவந்தேன். உள்ளே வந்தவர் மேடையைப் பார்த்ததும் சிரித்தார்.

"இப்ப கரைக்கு வந்துகினு கீதும்மா" என்றார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அக்காவைக் கூப்பிட்டேன். கோவையில் எங்கள் வீட்டில் நூறு விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இங்கே இரண்டே விளக்கில் ஊரே சேதி படிக்கிறது. இந்த மனிதர்களோடு சம்பந்தம் வைக்கப்போகிறோம் என்பதில் எனக்கு வந்த பெருமையைப் போனில் எப்படிச் சொல்வது?

"அட்வான்ஸ் கட்டாத அக்கா. இங்கதான் நடக்கோணும்" என்றேன்.

"வெளக்கு அவ்வளவு நல்லா இருக்குதா?"

"வெளக்கு கெடக்கட்டும். இந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வர நாமதான் குடுத்து வெச்சிருக்கோணும்."