வெர்லீன் கேட்ட பிஸ்டல்

ஓக்லஹோமாவின் மேற்கு ஓரத்தில், ஹாலோவே என்ற சின்ன ஊரில், வெர்லீன் டாக்கெட்டின் குரலுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சர்ச் பாதிரியார். அவருக்குக் காது மந்தம். இன்னொருவன் அவள் புருஷன் டாய்ல். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். கண்ணாடியில் ஒரு பார்வை, "உட்காரு" என்று ஒரு சொல். அவ்வளவுதான், பஸ்ஸே அடங்கிவிடும். இன்றைக்கு ஊரில் தொப்பையும் நரையுமாகத் திரிகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லுக்கு உட்கார்ந்தவர்கள். வங்கி மேனேஜர்கூட அவளைக் கண்டால் இன்னமும் வாயில் இருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிடுவார்.

அந்தச் சொல்லைச் சொந்தப் புருஷனிடம் சொல்ல நேரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பிப்ரவரி மாதம். காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலை. கோழிக்கூட்டிலிருந்து இடுப்பில் கட்டிய ஏப்ரனில் ஆறு முட்டைகளை ஏந்திக்கொண்டு பின்கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். சமையலறை நடுவில் டாய்ல் நின்றிருந்தான். உள்பனியனும் பூட்ஸும் போட்டிருந்தான். கையில் ரிவால்வர். அது அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றான். "இது எங்க வீடு. என் பெண்டாட்டி உள்ள தூங்கிட்டிருக்கா. அவ முழிக்கிறதுக்குள்ள வந்த வழியே போயிடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏப்ரன் நழுவி முட்டைகள் தரையில் விழுந்தன. அவள் வாயிலிருந்து பழைய பஸ் குரல் தானாக வந்தது.

"டாய்ல். உட்காரு."

உட்கார்ந்தான். ரிவால்வரை மேஜைமேல் வைத்தான். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "என்ன வெர்லீன், முட்டையெல்லாம் கொட்டிக் கிடக்கு?" என்று கேட்டான்.

"கை தவறிடுச்சு."

"உனக்கும் வயசாகுதுடி," என்று சிரித்தான். துணியை நனைத்து, முட்டி வலியோடு குனிந்து, தரையை அவனே துடைத்தான். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை.

டாய்லுக்கு எழுபத்தைந்து வயது. இரண்டு வருஷமாக ஞாபகம் தேய்ந்துகொண்டே வந்தது. எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிப் பார்க்கும் வேலையில் நாற்பது வருஷம் தனியாக அலைந்தவன். கல்யாணமான புதிதில், பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாத பொட்டலில், சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் குடியிருந்தார்கள். ஒருநாள் டாய்ல் வேலைக்குப் போயிருந்தபோது எவனோ குடித்துவிட்டு வந்து கதவை உதைத்து உடைத்தான். வெர்லீன் வாணலியைத் தூக்கி அவன் மண்டையில் போட்டாள், அவன் ஓடிவிட்டான். ஆனால் டாய்லுக்கு அது ஆறவில்லை. அந்த வாரமே ரிவால்வர் வாங்கினான். "நான் இருக்கிற வரைக்கும் நீ இனிமே வாணலியைத் தூக்க வேணாம்," என்றான். நாற்பத்தேழு வருஷமாக அது கட்டில் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அதைத் துடைப்பான். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும், சோள ரொட்டி மணக்கும், நடுவில் அந்த எண்ணெய் வாசனை. தினமும் படுக்கும்முன் உருளையைத் திறந்து ஆறு தோட்டாவையும் எண்ணுவான். பேரன் பெயர் மறந்துபோன பிறகும் அந்த ஆறை எண்ண மறக்கவில்லை. ஆகவே தோட்டாவை உருவி ஒளித்து வைக்கிற வேலை நடக்காது.

"பிடுங்கி வெளிய போடும்மா," என்றாள் போனில் டல்சா நகரத்திலிருந்து மகள், முட்டை விஷயம் தெரியாமலேயே. சொல்வதற்கு என்ன, நன்றாகச் சொல்லலாம். லாரிச் சாவியை இப்படித்தான் போன வருஷம் டாக்டர் சொல்லிப் பிடுங்கினார்கள். மூன்று நாள் அவன் நின்ற லாரிக்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடக்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தான். வெர்லீன் தட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

டாக்டர் சொன்ன இன்னொன்று அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. பழசு போகாது, புதுசு ஏறாது. கை பழகியது கடைசிவரை இருக்கும், இனிமேல் கற்றுக்கொடுப்பது மனதில் தங்காது. அதை வைத்து நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் ராய்ஸ் கடைக்குப் போனாள்.

ராய்ஸ் ஹாலோவேயின் ஒரே துப்பாக்கிக் கடைக்காரன். ஐம்பது வயது. இரண்டாம் வகுப்பில் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்தவன்.

"வாங்க மிஸ் வெர்லீன்! என்ன, எவனையாவது சுடணுமா?"

"உன்னையத்தான். வாயை மூடிட்டு ஒரு பிஸ்டல் காட்டு."

"உங்க வயசுக்குப் பிஸ்டல் எதுக்கு? ரிவால்வர் வச்சுக்கங்க. எடுத்து, நீட்டி, அழுத்த வேண்டியதுதான். பிஸ்டல்னா முதல் தோட்டா உள்ள ஏற மேல் பாகத்தைப் பின்னால இழுத்து விடணும். கைவலிக்காரங்களால ஆகாது." எல்லாக் கிழவிகளுக்கும் சொல்கிற பாடம் அது. தப்பும் இல்லை.

"அதான் வேணும்," என்றாள் வெர்லீன். "உன் கடையிலேயே இழுக்க ரொம்பக் கஷ்டமானது எது? அதைக் குடு."

ராய்ஸ் விழித்தான். "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாரும் லேசா இழுக்கிறதைத்தான் கேப்பாங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவள் முட்டைக் கதையைச் சொன்னாள். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னாள். ராய்ஸ் கண்ணாடி அலமாரியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"ரிவால்வரைக் கொண்டாங்க, உள்ள ஒரு ஊசியைக் கழட்டி விட்டுடறேன். வெடிக்காது."

"ஞாயித்துக்கிழமை துடைக்கிறப்ப ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான்டா. அப்புறம் நான் அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அவனுக்கு ரிவால்வர் கையோட ஊறினது. பிஸ்டல் பிடிக்காது, பழகினதும் இல்ல. இறுக்கமா இருந்தா இழுக்கவும் முடியாது. மேஜைமேல ஒண்ணு இருக்கும், அவனுக்கும் தூக்கம் வரும். எனக்கும் வரும்."

ராய்ஸ் பின்னறையிலிருந்து உள்ளங்கை அளவுப் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்தான். சின்னதுகள்தான் பெரிய முரடு என்றான். வெர்லீன் இழுத்துப் பார்த்தாள். அசையவே இல்லை. அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இனிப் பொய் சொல்ல வேண்டும். வெர்லீனுக்குப் பொய் வராது. பஸ்ஸில் அதற்கு அவசியமே வந்ததில்லை. அன்று மாலை கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, "டாய்ல், உன் ரிவால்வர் உதைக்கிறதுல என் மணிக்கட்டு வலிக்குது. ஆபத்துன்னா நானும் சுட வேணாமா? அதைக் குடுத்திட்டு எனக்கு ஏத்த பிஸ்டல் ஒண்ணு வாங்குவோம்," என்றாள்.

அவள் அதைச் சுட்டே பத்து வருஷம் ஆகிறது. டாய்ல் அவள் மணிக்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தான். "இவ்வளவு நாளா வலிக்குதா? சொல்ல வேண்டியதுதானே, கழுதை," என்றான். "சரி. உனக்கு எது தோதோ அதுதான்." அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டான். வெர்லீனுக்கு அவன் கையில் இருந்த தன் கையை வெட்டிப் போட வேண்டும்போல இருந்தது.

அவனுக்குப் புத்தி தெளிவாக இருப்பது காலை பத்து மணி வாக்கில். அந்த நேரம் பார்த்து, வியாழக்கிழமை, கடைக்குக் கூட்டிப் போனாள். ரிவால்வர் பழைய துண்டில் சுற்றி அவன் மடியில் இருந்தது.

ராய்ஸ் கண்ணாடிமேல் மூன்று பிஸ்டல்களை வைத்தான். டாய்ல் முதலாவதை எடுத்தான். இழுத்தான், வெண்ணெயாக வந்தது. "ஆஹா, வெர்லீன், இது உனக்கு நல்லாருக்கும். இழுத்துப் பாரு."

வெர்லீன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம். எனக்கு... நிறம் பிடிக்கல."

"எல்லாமே கறுப்புதானடி."

"இது ரொம்பக் கறுப்பு."

ராய்ஸ் இருமினான். டாய்ல் இரண்டாவதையும் இழுத்துப் பார்த்தான், அதுவும் வந்தது. அதற்கும் அவள் ஏதோ குறை சொன்னாள். மூன்றாவது, அந்தச் சின்ன முரடு. டாய்ல் இழுத்தான். வரவில்லை. இடுப்போடு அணைத்துக்கொண்டு இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் முறை வழுக்கி, விரல் தோல் உரிந்தது. இரும்புக் குழாய்களைத் தனி ஆளாகத் திருகிய கை அது. வெர்லீன் பார்க்கமாட்டாமல் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தாள். இதற்கா இவனைக் கூட்டிவந்தேன், நான் ஒரு பாவி என்று நினைத்தாள்.

டாய்ல் பிஸ்டலைக் கீழே வைத்தான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இதுதான் உனக்கு வேணுமா?"

"ஆமா."

"நீ இழு, பாப்போம்."

இழுத்தாள். அது அசையவில்லை.

"அப்போ உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது." பிஸ்டலை ராய்ஸ் பக்கம் நகர்த்தினான். "சரி. இதுதான் வேணும். ராய்ஸ், இதை எடுத்து வை."

ராய்ஸ் அசையவில்லை.

"வெர்லீன்," என்றான் டாய்ல், "அன்னைக்கு முட்டை கை தவறி விழல. அப்படித்தானே?"

அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. "உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியல. பத்துல ஒண்ணு மனசுல நிக்குது. முட்டை தெரியும். உன் மூஞ்சி தெரியும். நீ பஸ் குரல்ல என்னைய அதட்டினது தெரியும். ஒருநாளும் என்னைய நீ அப்படி அதட்டினதில்ல. மேஜைமேல துப்பாக்கி கிடந்துச்சு. மீதிய நானே கூட்டிக்கிட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ ஏன்டி சொல்லல?"

டாய்ல் துண்டைப் பிரித்தான். உருளையைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக ராய்ஸின் உள்ளங்கையில் வைத்தான். ஆறு வரை வாய்விட்டு எண்ணினான். ரிவால்வரைத் துண்டால் ஒருமுறை துடைத்துக் கண்ணாடிமேல் வைத்தான். "இதை ஜன்னல்ல வச்சு விக்காதே," என்றான்.

"விக்கவே மாட்டேன், மிஸ்டர் டாய்ல். என் பெட்டியிலயே இருக்கும்." ராய்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை வெர்லீன் பக்கம் தள்ளினான். அப்புறம் பழக்க தோஷத்தில், "தோட்டா எத்தனை பெட்டி?" என்று கேட்டுவிட்டான்.

"வேணாம்," என்றார்கள் இருவரும்.

வெர்லீன் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும்போது டாய்ல் நின்றான். "நாளைக்கு எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. ரிவால்வர் எங்கேன்னு வீட்டைப் புரட்டிப் போட்டுருவேன். உன்னையத்தான் திட்டுவேன். ராய்ஸ், ஒரு பேனா குடு."

கடையின் அட்டை ஒன்றைத் திருப்பி, கிணற்றுக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். மை காயும்வரை ஊதினான். பிறகு அதை அவள் கைப்பையில் அவனே வைத்தான்.

"ரிவால்வரை நானே கொடுத்தேன். வெர்லீனைத் திட்டாதே. டாய்ல் டாக்கெட்."

முதல் வாரத்தில் ஒன்பது தடவை அந்த அட்டையை எடுக்க வேண்டியிருந்தது. டிராயரை உருவி எறிவான், கத்துவான், கெட்ட வார்த்தைகூட வரும். அவள் அட்டையை நீட்டுவாள். படித்ததும் குரல் இறங்கிவிடும். "என் கையெழுத்துதான்," என்பான். போய் அந்தச் சின்னப் பிஸ்டலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான். ஓரம் பிய்ந்துபோனதும் பள்ளிக்கூட ஆபீஸில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டாள். அங்கே வேலை பார்க்கிற பெண்ணும் அவள் பஸ்ஸில் வந்தவள்தான். படித்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

கோடை போய், சோளம் அறுத்து, பனி வரத் தொடங்கிய சமயம். ஒரு மத்தியானம் பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு டாய்ல் எழுந்தான். படுக்கையறையில் டிராயர் விழுகிற சத்தம் கேட்டது. வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு போய் அட்டையைக் கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு, இரண்டு தடவை படித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, இந்த வெர்லீனை உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்."

"நல்லவளா?"

"வாய் கொஞ்சம் நீளம். மத்தபடி பரவாயில்ல."

டாய்ல் யோசித்தான். அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான்.

"அப்போ திட்டக் கூடாது," என்றான். "நீங்க உக்காருங்கம்மா. நான் இருக்கேன், இந்த வீட்டுல பயப்பட ஒண்ணுமில்ல."

வெர்லீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.