மங்கலான மூன்று புள்ளிகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் மங்கலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மங்கலான புள்ளிகளைத் திரையில் வருஷக்கணக்காகத் தேடியதால் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாக வந்தவர்கள் அவள் பெயரே மங்களம் என்று நினைத்து மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவள் திருத்துவதில்லை.

அவள் தேடியது மிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களை. அவ்வளவு தூரம் வருவதற்குள் அவற்றின் ஒளி நீண்டு அகச்சிவப்பாகிவிடும். நம் கண்ணுக்குப் பிடிபடாது. விண்வெளியில் மிதக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றால்தான் முடியும். அதைப் பயன்படுத்தும் நேரத்துக்கு உலக விஞ்ஞானிகளெல்லாம் முட்டி மோதினார்கள். அவள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றார்கள். ஒருவழியாகக் கிடைத்த அன்று, ஆடாமல் நிற்பதற்காகக் குறி பார்க்க வேண்டிய வழிகாட்டி நட்சத்திரத்தைத் தொலைநோக்கி தவறவிட்டு, அடுத்தவர் வேலைக்குப் போய்விட்டது.

செய்தி வந்தபோது அவள் பல் டாக்டரின் அறைக்கு வெளியே வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போச்சு? ரொம்ப வலிக்குதா?"

"பல்லு இல்லடி. டெலஸ்கோப் கைய விரிச்சிடுச்சு."

"அழணும்னா அழுதுடுக்கா."

"வாயத் திறந்தாதான் வலிக்குதே."

மறுவாய்ப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். "இன்னும் அந்தப் புள்ளிதானா?" என்று கேட்பதைக்கூடக் கணவர் விட்டுவிட்டார். கடைசியில் படம் வந்தது. ஓரத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள். நிலைய இயக்குநர் கைதட்டிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நமக்குக் கிட்டத்துல தூசு மண்டிக் கெடக்குற திரளும் இப்படித்தான் செவப்பாத் தெரியும்."

அதே தொலைநோக்கியால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துத் தூரத்தைக் கணக்கிட மறுபடி காத்திருப்பு. இரண்டு புள்ளிகள் கிட்டத்திலிருக்கும் வெறும் தூசுத் திரள்கள். மூன்றாவது நிஜம், பூமி உருவாகும் முன்பே கிளம்பிய ஒளி. நம்பாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள்.

"அக்கா! ஊரையே கூட்டிச் சொல்ல வேணாமா? சந்தோஷமா இல்லியா?"

"இருக்குடி. நெறைய இருக்கு. வெளிய காட்டத்தான் உடம்புல தெம்பு இல்ல."

போனை வைத்துவிட்டு மேஜைமேல் தலை சாய்த்தாள். விஷயம் தெரிந்து வாழ்த்தக் கூட்டமாக வந்தவர்களைப் பக்கத்து மேஜைக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"அப்புறம் வாங்க. அக்கா தூங்குறாங்க."